பழ லோரி திரும்பும் முனையும் தண்ணி எபோக்சியும்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் ஒரு தோட்டச் சாலை. செம்பனைப் பழ லோரிகள் எண்ணெய் மில்லுக்குத் திரும்பும் முனையில் போடுகிற ஒட்டு மூன்று மாதம்கூடத் தாங்குவதில்லை. "தண்ணி எபோக்சி 30 விழுக்காடு கலந்து போட்டால் காங்கிரிட் மாதிரி நிற்கும்" என்கிறார் குத்தகையாளர். நம்பலாமா, எவ்வளவு கலப்பது, எப்படிக் கலப்பது என்பது கேள்வி.

தண்ணி எபோக்சி என்பது தண்ணீரில் கலந்து வருகிற எபோக்சிப் பசை, தாரோடு சேர்ப்பது. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் 30 அதிகம். இன்னொன்று: எபோக்சி தாரின் பிடிப்பைக் கூட்டும், வெயிலில் இளகாமல் பார்த்துக்கொள்ளும், எண்ணெய் பட்டால் கரைவதைக் குறைக்கும். குழிக்கு அடியில் கிடக்கிற சேற்றை அது ஒன்றும் செய்யாது. கீழ்ப் பேராக் கடலோரக் களிமண்ணின் குணம் அங்கே வீடு கட்டி ஐந்தடியை (வீட்டையொட்டிய நடைபாதையை) திரும்பத் திரும்ப உயர்த்தியவர்களுக்குத் தெரியும். லோரி ஏறும்போது சாலை மெத்தை போல அமுங்கி எழுகிறதா, மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் விரிசலிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் லோங்காங்கை (சாலையோர வடிகாலை) ஆழப்படுத்தி, அடியிலுள்ள கல் அடுக்கை மாற்றிவிட்டு எபோக்சியைப் பற்றிப் பேசலாம். அமுங்குகிற அடித்தளத்தின் மேல் விறைப்பான ஒட்டைப் போட்டால், சாதாரண ஒட்டைவிட அது சீக்கிரம் வெடிக்கும்.

எபோக்சி தார் என்றதும் சிலர் பெரிய பாலங்களின் படத்தைக் காட்டுவார்கள். 1950-களில் ஷெல் நிறுவனம், விமானத் தளங்களில் ஜெட் எரிபொருள் சிந்தித் தார் கரைவதற்குத் தீர்வாக அதை உருவாக்கியது. 1967-இல் கலிஃபோர்னியாவின் சான் மாத்தியோ–ஹேவர்ட் பாலத்தின் இரும்புத் தளத்தில் போட்டார்கள். அதெல்லாம் சூட்டில் கலக்கிற சரக்கு. அதில் தண்ணீரே கிடையாது, எபோக்சியின் பங்கும் மிக அதிகம். உங்களிடம் சொல்லப்படுவது வேறு: எபோக்சிப் பிசினான ரெசினை நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதக்கவிட்ட வெள்ளைப் பால், அதை இறுக வைக்கிற, தண்ணீரில் கரையும் அமீன் ஹார்டனர், தாரைத் துளிகளாகத் தண்ணீரில் மிதக்கவிட்ட பழுப்பு நிற எமல்ஷன் ஆகிய மூன்றையும் அடுப்பில்லாமல் கலப்பது. பாலத்தின் கதையைக் காட்டி இதை விற்பது சரியில்லை.

இந்தக் கலவை எங்கே கெடும் என்பது ரப்பர் பால் எடுத்த குடும்பங்களுக்கு உடனே விளங்கும். வாளிப் பாலைத் தொட்டியில் ஊற்றி ஆசிட் விட்டால் உறைகிறது. அமோனியா சேர்த்தால் உறையாமல் நிற்கிறது. ரப்பர் துளிகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதே காரணம். நம் நாட்டில் சாலைக்கு வருகிற ஆர்.எஸ்.1கே, எஸ்.எஸ்.1கே எமல்ஷன்கள் இதற்குத் தலைகீழ். பெயரின் கடைசியில் இருக்கிற 'கே' நேர்மின்னூட்டத்தைக் குறிக்கிறது. பெரும்பாலும் ஆசிட்தான் இவற்றை உறையாமல் வைத்திருக்கிறது. காரம் பட்டால் திரிந்துவிடும். எபோக்சி ஹார்டனரோ அமீன், அதாவது காரம். நேராக எமல்ஷன் டிரம்மில் கவிழ்த்தால், பட்ட இடத்திலேயே தார் கட்டி கட்டியாகத் திரளும். சிமெந்து அதிகமாகப் போட்டாலும் இதே கதைதான்.

ஆகவே ஆர்.எஸ்.1கே வேண்டாம். அது சீக்கிரம் முறிவதற்கென்றே, அதாவது தாரும் தண்ணீரும் பிரிவதற்கென்றே செய்யப்பட்டது, வாளிக்குள்ளேயே முறியும். மெதுவாக முறிகிற எஸ்.எஸ்.1கே வகையை வாங்குங்கள். வாங்கும்போது "எமல்சிஃபையர் குவாட்டர்னரி வகையா?" என்று கேளுங்கள். எமல்சிஃபையர் என்பது தார்த் துளிகள் ஒன்றுசேராமல் மிதக்க வைக்கும் பொருள். குவாட்டர்னரி அம்மோனியம் வகை காரத்தன்மை ஏறினாலும் மின்னூட்டத்தை இழக்காது. விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கோப்பைச் சோதனை சொல்லிவிடும். 100 கிராம் எமல்ஷன் எடுங்கள். வேறொரு கோப்பையில் ரெசின் பாலையும் ஹார்டனரையும் உரிய அளவில் கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, எமல்ஷனில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே குச்சியால் நிதானமாகக் கிண்டுங்கள். அரை மணி நேரம் கழித்து தேத்தண்ணி வடிகட்டியில் ஊற்றுங்கள். வடிகட்டி ஏறக்குறைய சுத்தமாக இருந்தால் பொருந்துகிறது. கறுப்புத் திப்பி நின்றால் அந்த ஜோடி ஆகாது. விகிதத்தை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, சரக்கை மாற்றுங்கள்.

இப்போது அந்த 30. எதில் 30 என்று கேட்டீர்களா? டப்பாவில் இருக்கிற ரெசின் பாலில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எமல்ஷனிலும் தார் சுமார் 60 விழுக்காடுதான். "100 கிலோ எமல்ஷனுக்கு 30 கிலோ ரெசின் பால்" என்று ஒருவர் சொல்வதும், "தாரின் எடையில் 30 விழுக்காடு காய்ந்த எபோக்சி" என்று இன்னொருவர் சொல்வதும் ஒன்றல்ல. கீழே நான் தருகிற உதாரணச் சரக்கை வைத்துக் கணக்குப் போட்டால், முதலாவது ஹார்டனரையும் சேர்த்து 44 விழுக்காட்டுக்கு வந்து நிற்கும். எனவே எப்போதும், ரெசினும் ஹார்டனரும் சேர்ந்த காய்ந்த எடை, தாரின் எடையில் எத்தனை விழுக்காடு என்றே பேசுங்கள். அந்தக் கணக்கில் குழி ஒட்டுக்கு 8 முதல் 12, இரு அடுக்குகளை ஒட்டும் டேக் கோட்டுக்கு 10 முதல் 15 போதும் என்பது என் கணிப்பு. குறைந்த அளவில் எபோக்சி தாருக்குள் தனித்தனித் துகளாகவும் இழையாகவும் கிடந்து தாரை விறைப்பாக்கும். ஏற ஏற அதுவே ஒன்றோடொன்று கோத்து வலையாகி, தார் அதன் கண்ணிகளுக்குள் போய்விடும். அப்போது வலிமை கூடும். வளைந்து கொடுப்பது போய்விடும். குளிர்நாட்டு ஆய்வுகளில் குளிர்கால விரிசலைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். நமக்குக் குளிர் இல்லை. ஆனால் களிமண் இருக்கிறது, விளைவு ஒன்றே.

ஹார்டனர் அளவை வாய்க்கணக்கில் விடாதீர்கள். ஃபைபர் படகு செய்யும் பாலியெஸ்டர் ரெசினில், சொட்டாக விடுகிற தூண்டுபொருளைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும். அந்தப் பழக்கத்தில் எபோக்சிக்கும் "கொஞ்சம் கூடவே ஊத்து" என்பார்கள். தவறு. இங்கே ஹார்டனர் தூண்டுபொருள் அல்ல. ரெசினோடு கைகோக்கிற மற்றப் பாதி. கூடினால் கைகோக்க ஆளில்லாத அமீன் மிஞ்சி, ஒட்டு மிருதுவாகி மழையில் ஊறும். குறைந்தால் ரெசின் காயாமல் பிசுபிசுக்கும்.

கணக்கு கடினமில்லை. சரக்குத் தாளில் ரெசினுக்கு எபோக்சி சமான எடை, ஹார்டனருக்கு அமீன் ஹைட்ரஜன் சமான எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். எத்தனை கிராம் ரெசினோடு எத்தனை கிராம் ஹார்டனர் கைகோக்கும் என்பதை அவை காட்டும். ஒரு உதாரணம்: ரெசின் பாலில் திடப்பொருள் 55 விழுக்காடு, திடப்பொருளின் சமான எடை 200. அப்படியானால் டப்பாவில் இருக்கிறபடி அதன் சமான எடை 200-ஐ 0.55-ஆல் வகுத்தால் வருகிற 364. ஹார்டனர் டப்பாவில் இருக்கிறபடி 240, திடப்பொருள் 50 விழுக்காடு என்று வைப்போம். 240-ஐ 364-ஆல் வகுத்தால் 0.66. ஒரு கிலோ ரெசின் பாலுக்கு 660 கிராம் ஹார்டனர். காய்ந்தால் அது 0.55-உம் 0.33-உம் சேர்ந்து 0.88 கிலோ எபோக்சி. தாளில் உள்ள எண் திடப்பொருளுக்கா, டப்பாவில் உள்ளபடிக்கா என்பதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகம் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். உங்கள் கையில் உள்ள சரக்கின் எண்கள் வேறாக இருக்கும், முறை இதுதான்.

இந்தச் சரக்கை வைத்து, காய்ந்த கல் 100 கிலோவுக்கு ஒரு கலவை. 14 முதல் 5 மில்லிமீட்டர் கிரானைட் சல்லி 50 கிலோ, குவாரித் தூள் 49 கிலோ, சிமெந்து 1 கிலோ. எமல்ஷன் 8 கிலோ. அதில் தார் 4.8 கிலோ. பத்து விழுக்காடு எபோக்சி என்றால் 480 கிராம் காய்ந்த எடை. அதற்கு ரெசின் பால் 545 கிராம், ஹார்டனர் 360 கிராம். கல்லை முன்கூட்டியே நனைக்க 3 லிட்டர் தண்ணீர் தேவை. ரெசினும் ஹார்டனரும் சுமார் 425 மில்லி தண்ணீரைத் தாங்களே கொண்டுவருவதால், 2.6 லிட்டர் போதும். கோப்பைச் சோதனைக்கும் இதே விகிதம்தான்: 100 கிராம் எமல்ஷனுக்கு 6.8 கிராம் ரெசின் பால், 4.5 கிராம் ஹார்டனர். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன மின்தராசு ஒன்று இருந்தால் நல்லது. கரண்டிக் கணக்கு வேண்டாம்.

குவாரித் தூள் வெளியில் குவிந்து கிடந்து மழையில் நனைந்திருந்தால், அந்த 2.6 லிட்டரும் தேவைப்படாமல் போகலாம். ஒரு கிலோ தூளைக் குவாலியில் (வாணலியில்) போட்டு, ஆவி நிற்கும்வரை வறுத்து மறுபடி நிறுங்கள். 940 கிராம் நின்றால், 60 கிராம் தண்ணீர். 49 கிலோ தூளில் சுமார் மூன்று லிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் எமல்ஷன் கல்லில் பிடிக்காமல் கீழே வடியும்.

ஒரு மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழிக்கு, அமுக்கிய கலவையின் அடர்த்தியை 2.1 என்று வைத்தால், 134 கிலோ வேண்டும். மேலே சொன்ன அளவில் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகம்.

வேலையில் நேரத்தைப் பற்றிய ஒரு விஷயம். இந்தக் கலவைக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று, எமல்ஷன் முறிந்து தண்ணீர் வெளியேறுவது. இது நிமிடங்களிலும் மணிகளிலும் நடக்கும். இரண்டு, எபோக்சி கைகோத்து இறுகுவது. இதற்கு மணிகளும் நாள்களும் ஆகும். தண்ணீர் போவதற்குள் எபோக்சி இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளே சிறைப்பட்டு, ஒட்டு ஸ்பாஞ்சு போல ஆகும். தாளில் கலவை ஆயுள் இரண்டு மணி நேரம் என்று 23 அல்லது 25 டிகிரிக்குப் போட்டிருப்பார்கள். நம் வெயிலில் வாளி 35 டிகிரியில் இருக்கும். பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதி என்று கொள்ளுங்கள், ஒரு மணி நேரம்தான். சாதாரண எபோக்சி ஆயுள் முடியும்போது கெட்டிப்பட்டுச் சூடாகி எச்சரிக்கும். தண்ணி எபோக்சி பல சமயம் எச்சரிக்காது. கெட்ட பிறகும் பால் போலவே இளக்கமாக இருக்கும். பார்த்தால் நல்லதாகத்தான் தெரியும், ஒட்டாது. கலந்த நேரத்தைச் சுண்ணக்கட்டியால் வாளி மேல் எழுதுங்கள். நேரம் தாண்டினால், எவ்வளவு மிச்சமிருந்தாலும் போடாதீர்கள்.

மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியும் மழையும் கிட்டத்தட்ட வழக்கம். காலை எட்டுக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் கடைசி அடுக்கை அமுக்கிவிடுங்கள்.

குழியின் ஓரத்தை நல்ல தார் தெரியும்வரை, சுற்றிலும் நல்ல சாலைக்குள் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, செங்குத்தாக வெட்டுங்கள். தளர்ந்ததை எல்லாம் வாரி எடுத்து, ஊதித் தூசியை அகற்றுங்கள். ஈரம் கொஞ்சம் இருக்கலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. மில் முனையில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. லோரியிலிருந்து விழுந்து நசுங்கிய உதிரிப் பழத்தின் எண்ணெய் குழி ஓரத்தில் பூசியிருக்கும். விரலால் தேய்த்தால் வழுக்கும். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, காயவிட வேண்டும். எண்ணெய் மேல் எந்த எபோக்சியும் பிடிக்காது. அடியிலும் நான்கு சுவரிலும் எபோக்சி கலந்த எமல்ஷனைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள். குட்டையாகத் தேங்க விடாதீர்கள்.

மிக்சரில் கல், தூள், சிமெந்து, பிறகு தண்ணீர். எல்லாக் கல்லும் நனைந்ததும், முன்பே சேர்த்து வைத்த எமல்ஷனும் எபோக்சியும். ஒரு நிமிடம், அதிகபட்சம் ஒன்றரை. பழுப்புப் பூச்சு எல்லாக் கல்லிலும் ஏறியதும் நிறுத்துங்கள். இன்னும் சுற்றினால் பூச்சு உரிந்து சல்லி வெளுக்கும். எட்டு சென்டிமீட்டர் ஆழத்தை ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். நான்கு நான்காக இரண்டு அடுக்கு. பழுப்பாக இருக்கும்போது பரப்பி, கறுக்கத் தொடங்கும்போது கம்பெக்டரை ஏற்றுங்கள். முன்னாலேயே ஏற்றினால் கலவை குழையும், தட்டில் ஒட்டும். முழுக்கக் கறுத்த பிறகு ஏற்றினால் அமுங்காது. முதல் அடுக்கிலிருந்து தண்ணீர் கசிவது நின்ற பிறகே இரண்டாவது. கடைசியில் சாலை மட்டத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் உயரமாக விடுங்கள்.

குழி ஒட்டைவிட இந்தச் சரக்கு காசுக்கு ஏற்ற பலன் தருவது டேக் கோட்டில் என்பேன். லோரி வளைந்து திரும்பும்போதும் எடைமேடைக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போதும், மேல் அடுக்கு கீழ் அடுக்கிலிருந்து வழுக்கிப் பிறை வடிவில் கிழியும். அந்தக் கிழிசலைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தேவை நல்ல பசை. பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆரின் விவரக்குறிப்பில் சாதாரண டேக் கோட்டுக்கு, அதாவது ஆர்.எஸ்.1கே-க்கு, சதுர மீட்டருக்கு 0.25 முதல் 0.55 லிட்டர். எஸ்.எஸ்.1கே-யை எபோக்சியோடு அடிக்கும்போதும் அந்த எல்லைக்குள்ளேயே நில்லுங்கள். ஆறுக்கு எட்டு மீட்டர் முனைக்கு 0.4 லிட்டர் வீதம் 19 லிட்டர் எமல்ஷன். 12 விழுக்காட்டுக்கு ரெசின் பால் 1.57 கிலோ, ஹார்டனர் 1.04 கிலோ. சாதாரண டேக் கோட் பழகியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள்: இன்று அடித்துவிட்டு நாளை மேல் அடுக்கு போடுவது. வெறும் தார் சூட்டுக் கலவை பட்டால் மறுபடி இளகி ஒட்டும். முழுக்க இறுகிய எபோக்சி இளகாது. கறுத்து, தொட்டால் விரலில் நூல் இழுக்காமல் லேசாகப் பிடிக்கும் நிலையில், அன்றைக்கே மேல் அடுக்கு விழ வேண்டும். சூட்டுக் கலவையின் வெப்பமே மிச்சத்தை இறுக்கிவிடும்.

ஒட்டு கெட்டால் காரணத்தை அதன் முகத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லலாம். மறுநாள் மேலே வெள்ளையாக, மெழுகு தடவியதுபோல் இருந்தால், ஈரக்காற்றிலும் கரியமில வாயுவிலும் அமீன் பட்டுப் பூத்திருக்கிறது. கழுவினால் போகும், ஆனால் கழுவாமல் அதன்மேல் இன்னொரு அடுக்கு பூசக் கூடாது. ஒரு வாரம் கழித்தும் நகம் பதிந்தால் விகிதம் பிழை. ஓரத்தோடு சுற்றிலும் விரிசல் விட்டு, உள்ளே முழுத் துண்டாக அசைந்தால், சுவர் சரியாகத் துடைக்கப்படவில்லை. நடுவில் முதலைத் தோல் போல் வெடித்தால் அடித்தளம் அமுங்குகிறது. எபோக்சியைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். சல்லி ஒன்றொன்றாக உதிர்ந்தால் மழைக்கு முன் முறியவில்லை, அல்லது வாளி ஆயுள் முடிந்த சரக்கு.

சாலை முழுவதற்கும் இதைப் போட நினைக்க வேண்டாம். எபோக்சி விலை தாரைவிடப் பல மடங்கு. முழு நீளத்துக்கு வலுவான தார் வேண்டுமென்றால், மலேசிய ரப்பர் வாரியமும் ஜே.கே.ஆரும் ஊக்குவித்த, கட்டிப்பால் (கோப்பையில் உறைந்த ரப்பர்) கலந்த தார் இருக்கிறது. அது ஆலையில் சூட்டில் தயாராவது, வளைந்து கொடுப்பது, களிமண் மேல் அதுதான் பொருத்தம். தண்ணி எபோக்சியைத் திருப்பம், எடைமேடை வாசல், டீசல் நிரப்பும் இடம் இவற்றோடு நிறுத்துங்கள். இன்னொன்று: மலிவு என்று வீட்டு ரப்பர் பாலை இந்த எமல்ஷனில் ஊற்றிப் பார்க்காதீர்கள். அது எதிர்மின்னூட்டம், இது நேர்மின்னூட்டம். டிரம்மில் ஒரே கட்டியாகத் திரளும்.

கையுறை நைட்ரைல் வகையாக இருக்கட்டும். எபோக்சி தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமையை ஏற்படுத்திவிட்டால், பிறகு சிறு துளி பட்டாலும் கை வீங்கும். வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். ஹார்டனர் கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போக வேண்டும். பட்ட கையைத் தின்னரால் துடைப்பது சரக்கைத் தோலுக்குள் இன்னும் ஆழமாக அனுப்பும். சோப்பும் தண்ணீரும் போதும். மிக்சரையும் தூரிகையையும் அரை மணி நேரத்துக்குள் தண்ணீரில் கழுவுங்கள். அதற்கு மேல் போனால் உளிதான். அந்தக் கழுவுநீரை லோங்காங்கில் விட்டால் நேரே பெர்ணம் ஆற்றுக்குப் போகும். பழைய டிரம்மில் மணலோடு ஊற்றி, இறுகிய பிறகு கட்டியாக அப்புறப்படுத்துங்கள்.

திறப்பது எப்போது? காருக்கு அன்று மாலை விடலாம். பழ லோரிக்கு ஒரு நாளாவது காத்திருங்கள். மழை பெய்திருந்தால் இரண்டு. சந்தேகம் இருந்தால், வெயில் நன்றாக ஏறிய பிற்பகல் இரண்டு மணிக்கு, ஸ்குரூ டிரைவரின் தட்டை முனையை ஒட்டின் நடுவில் கையால் அழுத்துங்கள். முனை இறங்கினால் தடுப்பை எடுக்காதீர்கள்.